வெள்ளிக்கிழமை மாமா

பிப்ரவரி 6, வெள்ளி

இன்று பள்ளிக்கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். பிற்பாடு ஒருவரும் நான் அங்கே இல்லையே என்று கையை விரிக்க முடியாது. பெரிய டீச்சர் எஸ்தர். கனியின் வகுப்பு டீச்சர் இந்துமதி. வாசலில் நிற்கும் ஆயா சொர்ணம். சத்துணவு சமைக்கும் பேச்சியம்மாள், கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் வந்து நின்றாள். கவுன்சிலர் பெண்டாட்டி, நாற்காலியைத் துடைத்துப் போட்ட பிறகுதான் உட்கார்ந்தாள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மார். என் பேத்தி கனிஷ்கா. அவளுடைய அம்மாச்சியாகிய நான், சுப்புத்தாய். அப்புறம் இவர், என் வீட்டுக்காரர்.

கனி மனக்கணக்குப் போட்டியில் ஒன்றியத்திலேயே முதலாவதாக வந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமைதோறும் மதியச் சாப்பாட்டு மணிக்கு முன்னால், அந்த வாரம் சாதித்த பிள்ளையை நடுவில் நிறுத்திக் கைதட்டுவார்கள். முட்டிவலியால் நான் போவதில்லை. பிள்ளையைக் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் இவர்தான். வெள்ளிக்கிழமை மட்டும் பிள்ளைக்கு வீட்டுச் சாப்பாடு வேண்டும் என்று தூக்குவாளியை எடுத்துக்கொண்டு மதியமும் ஒரு நடை போவார். அது இவராக ஆரம்பித்த பழக்கம்.

இன்று நானும் வருகிறேன் என்று சேலையை மாற்றியதும் இவர் முகம் சுண்டிப்போனது. "வெயிலுக்குள்ள நீ எதுக்கு?" என்றார். மாசிகூடப் பிறக்கவில்லை, என்ன வெயில்? அங்கே போயும் ஓரிடத்தில் நிற்கவில்லை. வேப்பமரத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். சர்க்கரைக்காரருக்கு அடிக்கடி ஒதுங்க வேண்டியிருக்கும், பாவம்.

பரிசாக ஒரு டைரியும் பேனாவும் கொடுத்தார்கள். "எனக்கு எதுக்கு அம்மாச்சி, நீங்க எழுதுங்க. உங்களுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்குமே" என்று கனி என் மடியில் போட்டாள். நான் மூன்றாம் வகுப்போடு தீப்பெட்டி ஒட்டப் போனவள். ஆனாலும் எழுத்து மறக்கவில்லை. எதுவுமே மறக்கவில்லை.

பிப்ரவரி 7, சனி

பள்ளிக்கூடத்தின் வாரச் செய்தி வந்தது. இந்துமதி டீச்சர் தன் குரலிலேயே பேசி பெற்றோர் எல்லோருடைய போனுக்கும் அனுப்பிவிடுவாள். நம் வீட்டுப் போன் இவருடையது. இவர் தட்டிவிட, நான் அரிசி புடைத்துக்கொண்டே கேட்பேன்.

"பெற்றோர்களுக்கு வணக்கம். இந்த வாரச் சாதனை, நம் பள்ளி மாணவி கனிஷ்கா மனக்கணக்கில் முதலிடம். அடுத்து மாவட்டப் போட்டி. நினைவூட்டல்கள்: திங்கட்கிழமை நகம் வெட்டி அனுப்பவும். தண்ணீர் பாட்டிலில் பெயர் எழுதவும். ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளை ஆறாம் வகுப்புக்கு எங்கே சேர்ப்பது என்று இப்போதே முடிவு செய்யவும். கனிஷ்காவுக்காக வந்து பேசிய..."

அந்த இடத்தில் செய்தி நின்றுவிட்டது. "சார்ஜ் தீந்துபோச்சு" என்று இவர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அதே போனில் கிரிக்கெட் சத்தம் கேட்டது.

பாட்டிலில் பெயர் எழுதச் சொல்கிறாளே, இந்த இந்துமதிதான் இரண்டாம் வகுப்பில் கனியின் பாட்டிலைத் தொலைத்தவள். பச்சை மூடி. இதுவரை பதில் இல்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பசிக்குமே என்று பணியாரம் சுட்டு வைத்திருந்தேன். கனி ஒன்றைக்கூடத் தொடவில்லை. வயிறு கல்லு மாதிரி இருக்கிறதாம். கையை முகர்ந்தால் பால்கோவா வாசம். வகுப்பில் எவனுக்கோ பிறந்தநாள் என்று இவர் முந்திக்கொண்டு சொன்னார். கேட்டது பிள்ளையிடம்.

பிப்ரவரி 17, செவ்வாய்

இன்று என் மகள், கனியின் அம்மா மாரீஸ்வரி போன நாள். படத்துக்குப் பூப் போட்டு, அவளுக்குப் பிடித்த வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு வைத்துப் படைத்தேன்.

அவளுக்கு மஞ்சள்காமாலை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று தலைதலையாக அடித்துக்கொண்டேன். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தால் கண் வெளுத்துவிடும் என்று அவள் மாமியார் சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டு கைகட்டி நின்றான் என் மருமகன் ஜெயபாண்டி. கண் வெளுக்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்தன்று டீ கொண்டுவந்த பெண்ணிடம், "சீனி கொஞ்சம் தூக்கலாப் போடும்மா" என்றான். ஈரத்தலையோடு, நன்றாகச் சவரம் செய்த முகத்தோடு அதைச் சொன்னான்.

மூன்று வயதுக் கனியை அன்றைக்கே என் இடுப்பில் தூக்கிக்கொண்டேன். "இனிமே நீ என் வாசலை மிதிச்சாலோ, பிள்ளைகிட்ட அப்பன்னு வந்து நின்னாலோ நான் கிணத்துல விழுவேன்" என்று பந்தலில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். சொன்னால் செய்வேன் என்று எல்லோருக்கும் தெரியும். அவன் வரவில்லை. அடுத்த வருசம் ராஜபாளையத்தில் வேறு கல்யாணம் செய்துகொண்டான், அங்கே நூல் மில்லில் வேலை என்று கேள்வி. கனி கேட்டால் உனக்கு அப்பா கிடையாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவளும் அதற்குமேல் கேட்டதில்லை, நல்ல பிள்ளை.

பிப்ரவரி 27, வெள்ளி

இன்று நடந்தது இது. ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

மதியம் இவர் தூக்குவாளியோடு போன பிறகு பார்த்தால், கனிக்கு வறுத்த அப்பளம் அடுப்படியிலேயே இருந்தது. அப்பளம் இல்லாமல் பிள்ளைக்குச் சோறு இறங்காது. காகிதத்தில் சுற்றிக்கொண்டு மெல்ல நடந்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் சாப்பாட்டு மணி முடிந்துவிட்டது. வாசலில் சொர்ணம் மட்டும்தான் உட்கார்ந்திருந்தாள்.

"யக்கா, கால் வலியோட நீங்க எதுக்கு வந்தீக? இப்பத்தான பாப்பாவோட தாய்மாமா ஊட்டிவிட்டுட்டுப் போறாக."

"யாரு?"

"அதான்க்கா, உங்க மகன். வாராவாரம் வெள்ளிக்கிழமை வருவாகள்ல, பால்கோவா வாங்கிக்கிட்டு. மொத நாளே பாப்பாகிட்ட கேட்டேன், யாரு தாயி இவுகன்னு. மாமான்னுச்சு. தாத்தாவும் கூடத்தான் இருந்தாக. மொறையச் சொல்லிக் கூப்பிடுற ஆளத் தடுக்கலாமா? இந்தக் காலத்துல எந்தத் தாய்மாமன்க்கா மருமகளுக்கு இப்பிடிப் பாத்துப் பாத்து ஊட்டுறான்?"

என் வயிற்றில் பிறந்தது மாரீஸ்வரி ஒருத்திதான். அவளுக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. பிறகு கனிக்கு எங்கிருந்து வந்தான் தாய்மாமன்?

"ஆமா, அவனேதான்" என்று சொர்ணத்திடம் சொல்லிவிட்டுத் திரும்பினேன். அப்பளம் கைக்குள் நொறுங்கிப்போய்விட்டது. ராத்திரி இவருக்குத் தோசை ஊற்றினேன். இன்னொன்று வைக்கவா என்று மட்டும் கேட்டேன்.

மார்ச் 1, ஞாயிறு

கனிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "பள்ளிக்கூடத்துக்கு யாரெல்லாம் வாராக தாயி?" என்றேன். தலை என் கைக்குள் விறைத்துக்கொண்டது.

"டீச்சர் வருவாக. ஆயா வருவாக."

"அப்புறம்?"

"கண்ணுல எண்ணெ படுது அம்மாச்சி" என்று எழுந்து ஓடிவிட்டாள். எண்ணெய் நெற்றிக்குக்கூட இறங்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

பள்ளிக்கூடத்துக்கு எதிரில் இருக்கும் ஜெராக்ஸ் கடை ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டேன். கடைக்காரப் பெண், எதை ஜெராக்ஸ் எடுக்கணும் பாட்டி என்றாள். கால் வலிக்குது, இருந்துட்டுப் போறேன் என்றேன்.

அவன்தான். ஜெயபாண்டிதான். காதோரம் நரைத்துவிட்டது, தோள் இறங்கிவிட்டது. மணி அடித்ததும் கனி ஓடி வந்தாள். என்னிடம் அவள் அப்படி ஓடி வந்து பார்த்ததில்லை, நான் எப்போதும் பக்கத்திலேயே இருப்பதால் ஓட வேண்டிய தேவை இல்லை. வேப்பமரத்தடியில் இவர் தூக்குவாளியைத் திறந்தார். நான் ஆக்கிய சோறு. அதை அவன் பிசைந்து ஊட்டினான். கறிவேப்பிலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மூடியில் போட்டான். கனி ஏதோ கணக்குக் கேட்டிருக்க வேண்டும். அவன் விரல்விட்டு எண்ணித் தப்பாகச் சொன்னான் போலும், மூன்று பேரும் சிரித்தார்கள். இவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்து வெகுகாலம் ஆகிறது.

எழுந்து போய் அவன் சட்டையைப் பிடித்து உலுக்குவது என்றுதான் நினைத்து வந்தேன். முட்டி எழவிடவில்லை. முட்டிதான் காரணம்.

மார்ச் 9, திங்கள்

கனி பள்ளிக்கூடம் போன பிறகு கேட்டுவிட்டேன்.

"வெள்ளிக்கிழமை மாமா யாரு?"

இவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "தெரிஞ்சுபோச்சா?"

"என் வயித்துல உங்களுக்குத் தெரியாம ஆம்பளப்பிள்ள எதுவும் பொறக்கலையே. தாய்மாமன் எங்கருந்து மொளச்சான்?"

கூரையைப் பார்த்துக்கொண்டே, "சித்தப்பான்னு சொல்லச் சொல்லிருக்கணும்" என்றார். அந்த நேரத்திலும் எந்த முறை வைத்திருந்தால் மாட்டாமல் இருந்திருக்கும் என்றுதான் இவர் புத்தி போகிறது!

"எம்புட்டு நாளா நடக்கு?"

"மூணாப்புல இருந்து. மில்லுல அவனுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா நீ கிணத்துல விழுவேன்னு நிப்ப."

"விழுந்துதான் இருப்பேன்."

"அதுக்குத்தான் சொல்லல."

அவன் யார் என்று கனிக்குத் தெரியுமா என்றேன். முதல் நாளே தெரியும் என்றார். அப்பா என்று கூப்பிட்டால் வீட்டிலும் வாய் தவறி வந்துவிடும், அம்மாச்சிக்கு ஏதாவது ஆகிவிடும் என்று சொல்லி, மாமா என்று இவர்தான் பழக்கியிருக்கிறார்.

இன்னும் முடியவில்லை. "ஆறாப்பு ராஜபாளையத்துல சேக்கட்டுமான்னு கேக்கான். டீச்சர்கிட்டயும் பேசியாச்சு. அவன் பெண்டாட்டியும் சரின்னுட்டாளாம். நானும் சரின்னுட்டேன்."

"யாரக் கேட்டுச் சரின்னீக?"

"கனியக் கேட்டு."

மார்ச் 10, செவ்வாய்

இவரோடு பேச்சு இல்லை. "சோறு இருக்குன்னு உங்க தாத்தாட்ட சொல்லு" என்று கனியிடம் சொல்கிறேன். "தயிர் வேணும்னு உங்க அம்மாச்சிட்ட சொல்லு" என்கிறார் இவர். கனி நடுவில் நின்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிச் சொல்கிறாள்.

மார்ச் 13, வெள்ளி

பெரிய டீச்சர் எஸ்தரைப் பார்க்க நேராக அறைக்கே போய்விட்டேன். கண்ட ஆளையெல்லாம் உள்ளே விடுவதுதான் உங்கள் பள்ளிக்கூடத்து ஒழுங்கா என்று கேட்டேன்.

"கண்ட ஆள் இல்ல பாட்டி. சட்டப்படி அவர் பிள்ளையோட அப்பா. போன மாசம் வந்து என்கிட்ட எல்லாம் சொல்லிட்டார். டி.சி. கேட்டாலும் நான் அவர்கிட்டதான் கொடுக்கணும்."

"இத்தன வருசமா தல பின்னிவிட்டது சட்டமா? அம்மை போட்டப்ப வேப்பிலையோட ஒக்காந்திருந்தது சட்டமா?"

"ரெக்கார்டுல அப்பா பேர்தான் இருக்கு பாட்டி" என்று கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, புதன்கிழமை தூத்துக்குடியில் மாவட்டப் போட்டி இருக்கிறது, கனிஷ்காவுக்கு எட்டு மணிக்கு வேன் வரும், காலையில் நன்றாகச் சாப்பிட வைத்து அனுப்புங்கள் என்றார். அன்றைக்கு மில்லில் லீவு சொல்லிவிட்டு அவனும் நேரே அங்கே வந்துவிடுவானாம். மேடைக்கு முன்னால் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம்.

அவன் பார்க்கவா நான் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தேன்?

மார்ச் 18, புதன்

கனிக்குக் காய்ச்சல். போட்டிக்கு அனுப்பவில்லை.

வேன் வாசலில் ஹாரன் அடித்தது. நிலைப்படியில் நின்று சொன்னேன். இந்துமதி இறங்கி விறுவிறுவென்று உள்ளே வந்து கனியின் நெற்றியைத் தொட்டாள்.

"சூடே இல்லையே பாட்டி?"

"உள்காய்ச்சல்."

"பாட்டி, ஒரு வருசமாத் தயார் பண்ணிருக்கோம். நாங்க பாத்துக்கறோம், அனுப்புங்க."

"எங்க வீட்டுப் பிள்ளைக்கு என்ன சீக்குன்னு எனக்குத் தெரியும்."

இவர் அங்கேதான் நின்றார், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு. பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேன் போய்விட்டது.

கனி அழவில்லை. யூனிஃபார்மைக் கழற்றி மடித்து வைத்தாள். சடையை அவளே பிரித்துக்கொண்டாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்து, "நாப்பத்தெட்டு இன்ட்டு இருபத்தஞ்சு, ஆயிரத்தி எரநூறு" என்று தானாகக் கேட்டுத் தானாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். மத்தியானம்வரை அந்தச் சத்தம்தான். அதற்குப் பிறகு அதுவும் இல்லை.

ரசம் வைத்துக் கொடுத்தேன். காய்ச்சலுக்கு ரசம் நல்லது.

மார்ச் 21, சனி

வாரச் செய்தி. "இந்த வாரச் சாதனை ஏதும் இல்லை. மாவட்டப் போட்டியில் நம் பள்ளியால் கலந்துகொள்ள முடியவில்லை. நினைவூட்டல்கள்: ஆண்டு விழா ஏப்ரல் பத்தாம் தேதி..." இவர் கடைசிவரை ஓட விட்டார். இந்த முறை சார்ஜ் தீரவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

கனி என்னிடம் நன்றாகத்தான் இருக்கிறாள். சொன்னதைச் செய்கிறாள், வைத்ததைத் தின்கிறாள். மனக்கணக்குக் கேட்டால் மட்டும், "தெரியல அம்மாச்சி" என்கிறாள். ஏழெட்டு எவ்வளவு என்றதற்கும் அதே பதில்தான்.

ஏப்ரல் 10, வெள்ளி

ஆண்டு விழா. ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகிற பிள்ளைகளைப் பெற்றவர்களோடு மேடைக்குக் கூப்பிட்டுக் கேடயம் கொடுப்பது இந்தப் பள்ளிக்கூடத்து வழக்கம். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவன் வந்தாலும் மேடை ஏறுவது நான்தான் என்று முடிவோடு இருந்தேன்.

"கனிஷ்கா. பெற்றோர் மேடைக்கு வரவும்." நான் நாற்காலிக் கையைப் பிடித்து எழுவதற்குள், பின்னால் எங்கிருந்தோ இவர் அவனைத் தள்ளிவிட்டார். அவன் வேகமாகப் படியேறிக் கனியின் பக்கத்தில் போய் நின்றுவிட்டான்.

கேடயம் கொடுக்க வந்திருந்த அதிகாரி சிரித்த முகக்காரர். மைக்கைக் கனியின் வாய்க்கு நேராகப் பிடித்து, "இவங்க யாரும்மா? அப்பாவா?" என்றார்.

கனி கீழே குனிந்து கூட்டத்தைப் பார்த்தாள். தேடினாள். என்னைக் கண்டுபிடித்தாள். என் முகத்தில் என்ன பார்த்தாளோ தெரியாது.

"மாமா" என்றாள்.

மைக்கில் அது மைதானம் முழுக்கக் கேட்டது. அதிகாரி, "ஓ, மாமாவா!" என்று அவன் பக்கம் திரும்பினார். அவன் கனியைப் பார்த்தான். பிறகு என்னையும் பார்த்தான்.

"ஆமா சார். மாமாதான்."

எல்லோரும் கைதட்டினார்கள். கனி தட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, இப்போது சரிதானே என்பதுபோல என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எப்படி மேடை ஏறினேன் என்று தெரியவில்லை. இந்துமதி கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள் என்று பிறகு சொன்னார்கள். மைக்கை நானே வாங்கினேன்.

"மாமா இல்ல. இவுக பிள்ளையோட அப்பா. ஜெயபாண்டி. என் மகள் மாரீஸ்வரியக் கட்டுனவுக. பிள்ள பயந்துபோய் மாத்திச் சொல்லிருச்சு."

"எதுக்கும்மா பயந்தா?" என்றார் அதிகாரி.

"எனக்குத்தான்."

அது ஏன் வாயில் வந்தது என்று தெரியவில்லை. மைக்கைப் பிடித்தாலே மனுசருக்கு அப்படித்தான் ஆகும்போல. கனி என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாச்சி, கிணத்துக்குப் போகாதீக, போகாதீக" என்று ஆரம்பித்துவிட்டாள். அவன்தான் அவளைத் தூக்கினான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை, கால் தரையில் இடித்தது. "அப்பா" என்று அவன் கழுத்துக்குள் சொன்னது எனக்குக் கேட்டது. எனக்குக் காது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 12, ஞாயிறு

ஜெயபாண்டியும் அவன் பெண்டாட்டியும் வந்தார்கள். வாசலில் தயங்கி நின்றார்கள். உள்ளே வாங்க என்றேன். இலை போட்டேன். ஜூன் மாதம் கனி ராஜபாளையம் போகிறாள், லீவு நாளெல்லாம் இங்கே. அந்தப் பெண் கனிக்குத் தலை பின்னிவிட்டாள். வகிடு கோணல். சொல்லிக் கொடுத்தேன், கற்றுக்கொள்கிறாள்.

சாப்பிட்டுக்கொண்டே கனி திடீரென்று, "ஏழெட்டு அம்பத்தாறு அம்மாச்சி" என்றாள். நான் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

அவர்கள் போன பிறகு இவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "பாத்தியா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுல்ல" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஒரு பஞ்சாயத்தைத் தானே தீர்த்துவைத்ததுபோல.

யார் யாரை மன்னித்து விட்டுவிட்டேன் என்று எழுதுகிறேன். சொர்ணத்தை விட்டேன், முறை சொல்லிக் கூப்பிட்ட ஆளைத்தான் அவள் உள்ளே விட்டாள். எஸ்தரை விட்டேன். இந்துமதியைக்கூட விட்டேன். ஜெயபாண்டியோடு எனக்கு இருப்பது வேறு, அது என் மகளுக்காக உள்ளது. ஆனாலும் அத்தனை பேர் நடுவில் பெற்ற பிள்ளைக்காக "மாமாதான்" என்று சொன்னானே, அப்போதே பாதி கரைந்துவிட்டது. மீதி மெல்லக் கரையட்டும்.

ஒருத்தரை மட்டும் விட முடியவில்லை. என்னோடு சண்டை போட்டிருக்கலாம். என் கன்னத்தில் அறைந்திருக்கலாம். கிணற்றடியில் போய் நின்றுகொண்டு, விழுடி பார்க்கலாம் என்றிருக்கலாம். எதுவும் செய்யாமல் ஒரு சின்னப்பிள்ளையின் வாயில் பொய்யை வைத்து, என் உயிரை அவள் தலையில் ஏற்றிவிட்டு, வாராவாரம் தூக்குவாளியோடு வீடு வந்து நான் போட்ட சோற்றைத் தின்றவர். இத்தனை வருசம் கூட வாழ்ந்தும் என்னிடம் பேச முடியாத அளவுக்கு நான் அப்படி என்ன ஆள்? அதை நான் எழுதப்போவதில்லை.

கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து இவர் பெயரை நான் சொன்னதில்லை. சாமிக்கும் அதே பெயர் என்பதால் புரட்டாசிச் சனிக்கிழமைகூட, நாமக்காரரே காப்பாத்து என்றுதான் கும்பிடுவேன். ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்பவள் எனக்காகச் சொல்வாள். எழுதினால் சொன்னதாக ஆகுமா என்று தெரியாது. ஆகட்டும். நான் மன்னிக்காத ஆள் யார் என்று இந்த டைரியைப் படிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

பெருமாள்சாமி.